பெயர் தொலைந்த பாட்டுகள்

ஜனவரி 11, ஞாயிறு

எங்கள் நீலாம்பரி மெல்லிசைக் குழுவின் லேப்டாப்பைப் பன்னீர் கொன்றுவிட்டது.

ஏரலில் ஒரு சடங்கு வீட்டுக் கச்சேரி. அந்த மண்டபத்தில் பன்னீர் தெளிக்கும் மெஷின் ஒன்று உண்டு. பட்டுப்பாவாடை கட்டிய பொம்மை. ஆள் கிட்டே வந்தால் கையைத் தூக்கிப் புஸ்ஸென்று தெளிக்கும். வாசலில் கரண்டு வரவில்லை என்று யாரோ அதைத் தூக்கிவந்து மேடை ஓரத்தில், எங்கள் பிளக்கிலேயே சொருகிவிட்டார்கள். நான் பாடிக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரானிக் தாளப் பேடு வாசிக்கும் பூபதி எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பான். லேப்டாப்பை விருந்தாளி என்று நினைத்ததோ என்னவோ, ஒரு பாட்டு முழுக்க அந்தப் பொம்மை அதற்கே மரியாதை செய்திருக்கிறது. இரண்டாம் சரணத்தில் இசை நின்றது. மேடையெல்லாம் ரோஜா வாசனை.

ஒரு காலத்தில் ஒன்பது பேர் வாசித்த குழு இது. இப்போது மேடையில் நான், பூபதி, ஒரு கிட்டார், அந்தந்தக் கச்சேரிக்குக் கூப்பிடுகிற ஆண் பாடகர். மற்ற வாத்தியமெல்லாம் லேப்டாப்புக்குள் ட்ராக்காக இருக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் பாட்டுக்கு நாங்களே உட்கார்ந்து வாசித்துப் பதிந்தவை. கடையில் கிடைக்காது.

மிச்சக் கச்சேரியைப் பேடை வைத்தே ஒப்பேற்றினோம். "பஜனை நல்லா இருந்துச்சு" என்றார் பெண்ணின் தாய்மாமா.

ஜனவரி 12, திங்கள்

ரிப்பேர் கடையில் மூடியைத் திறந்ததும் அந்தப் பையன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "எந்தக் கல்யாணம்க்கா?" என்றான். உள்ளே எதுவும் மிஞ்சவில்லை. டிஸ்க்கும் போச்சு.

பிப்ரவரி முதல் தேதி ஆறுமுகநேரியில் உப்பளக்காரர் சங்கரலிங்கத்துக்கு அறுபதாம் கல்யாணம். ஜோடிப் பாட்டு மட்டும்தான் வேண்டும், அதுவும் பழசு மட்டும்தான் என்று பட்டியலே கொடுத்திருக்கிறார். திருச்செந்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளெல்லாம் அங்கே வரும். அதில் சொதப்பினால் இந்த வருஷம் எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். கிட்டார்க்காரர் ஏற்கெனவே பக்கத்து ஊரான நாசரேத்துக் குழுவோடு பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வாசல்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். பூபதிதான் சொன்னான்.

"எக்கா, பத்தாயம் இருக்குல்லா?"

"எந்தப் பத்தாயம்?"

"அதான்க்கா, நெட்டுல நம்ம ஃபைலையெல்லாம் தானா காப்பி எடுத்து வச்சிக்கிடுமே. வருஷா வருஷம் உங்க கார்டுல காசு புடிக்கானே. இன்னாசி அண்ணன் போட்டுவச்சதுதான."

வருஷா வருஷம் பிடிப்பது எனக்குத் தெரியும். எதற்கு என்றுதான் தெரியாது. இன்ஷூரன்ஸ் என்று நினைத்திருந்தேன்.

பழைய டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து உள்ளே போனோம். இருக்கிறது! எல்லாம் இருக்கிறது! ஏரலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வரை எல்லாமே. பூபதி என் தலையில் தாளம் போட்டான். 'மீட்டெடு' என்று ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினேன். 'உங்கள் பூட்டுச்சொல்லை இடுங்கள்' என்றது.

பூட்டுச்சொல் என்பது பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு பாஸ்வேர்டாம். கம்பெனிக்காரர்கள்கூட நம் ஃபைலைத் திறந்து பார்க்க முடியாதபடி நாமே போட்டுக்கொள்வது. அவர்களிடம் சாட்டில் கேட்டேன். பதில் எழுதிய பெண் ரொம்ப மரியாதையான பெண். "அது எங்களிடமும் இல்லை மேடம். அதுதான் அதன் சிறப்பு."

போட்டவர் இன்னாசி. அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஜனவரி 13, செவ்வாய்

மைக் உறைகளைத் துவைத்தேன். ஸ்பீக்கர் திரைகளைத் துவைத்தேன். துவைக்க வேண்டாத ஜமுக்காளத்தையும் துவைத்தேன். போன் செய்ய நேரம் இல்லை.

ஜனவரி 14, புதன்

ஷைனி பொங்கல் லீவுக்குப் பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். என் மகள், பத்தொன்பது வயசு, எல்லாம் தெரிந்தவள்.

"இன்னாசி மாமாட்ட கேக்க வேண்டியதுதானம்மா?"

"அவரு மஸ்கட்டுல வேலையா இருப்பாரு. நேரம் எப்படியோ."

"ஒன்றரை மணி நேரந்தாம்மா வித்தியாசம்."

இன்னாசி எங்கள் குழுவில் ஆறு வருஷம் கீபோர்டும் வாசித்து ஆண் குரலும் பாடியவர். சொந்த ஊர் புன்னைக்காயல். அந்தக் கட்டைக்குரலுக்காகவே எங்களைக் கூப்பிட்டவர்கள் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் வாசிக்கிற வேலை கிடைத்தது. போனார். அவ்வளவுதான். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமசுக்கும் ஒரு மெசேஜ் வரும். நானும் ஒரு கும்பிடு பொம்மை அனுப்புவேன்.

கடைசியில் ஷைனியே எண்ணை அழுத்திப் போனை என் காதில் வைத்துவிட்டாள்.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். "அமலியா?"

"நல்லா இருக்கியளா? பூட்டுச்சொல் என்னது?" என்றேன். நடுவில் வேறு ஏதாவது பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். பன்னீர்ப் பொம்மை கட்டத்தில் இன்னும் சிரித்தார். பக்கத்தில் யாரோ அரபியில் அதட்டினார்கள். "சொல்லு அமலி, சொல்லு, பாவாடை என்ன கலரு?" என்கிறார். மனுஷன் மாறவே இல்லை.

ஆனால் பூட்டுச்சொல் அவருக்கு மறந்துவிட்டது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பால் பொங்கும்போது போன் வந்தது. பால் வழிந்தது. பொங்கலென்றால் வழியத்தானே வேண்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து முறைதான் முயற்சி செய்யலாமாம். ஐந்தும் தப்பினால் மறுநாள்தான். இன்னாசி ஒவ்வொன்றாகச் சொல்ல நான் அடித்தேன். முதலில் 'நீலாம்பரி'. இல்லை. அடுத்து வேன் நம்பர். இல்லை. எங்கள் முதல் கச்சேரி நடந்த ஊரான உடன்குடி. அதுவும் இல்லை.

"இன்னும் எத்தன பாக்கி?"

"ஒண்ணு."

"ரெண்டுல்லா இருக்கணும்?"

"கை தவறி ஒண்ணு போயிட்டு" என்றேன்.

காலையில் அவர் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு தடவை முயன்று பார்த்திருந்தேன். சும்மா ஒரு சோதனைக்குத்தான். ஐந்து ஆங்கில எழுத்து. என் பெயரை அப்படித்தானே எழுத முடியும்? தப்பு என்று சிவப்பில் வந்தது. தப்பாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லதில்லையா?

கடைசியாக அவர் சொன்னது, மேடையேறும் முன் நாங்கள் இருவரும் குடிக்கிற மிளகுக் கஷாயம். அதுவும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம். ஷைனி பொங்கலில் முந்திரி இல்லை என்கிறாள். கவனிக்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

கிடைத்துவிட்டது!

காலையில் அலறிக்கொண்டு போன் செய்தார். வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு டயர் பஞ்சராகி வழியில் நின்றபோது ஞாபகம் வந்ததாம்.

"அமலி! பஞ்சர்! 'மூணுபஞ்சர்'! இங்கிலீஷ் எழுத்துல, சேத்து அடி!"

அடித்தேன். பச்சை. திறந்துகொண்டது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மரியதங்கம் கரண்டியோடு ஓடி வந்தாள். பூபதியைக் கூப்பிட்டேன். அவன் ஒன்றும் கேட்காமலே "அல்லேலூயா" என்றான். அவன் அம்மன் கோயில் கொடைக்குத் தீச்சட்டி தூக்குகிறவன்.

பஞ்சர்! ஆறு வருஷம் ஒரே மேடையில் பாடிய மனுஷனுக்கு ஒரு பூட்டுச்சொல் வைக்க வேண்டுமென்றால் ஞாபகத்துக்கு வந்தது பஞ்சர்.

ஜனவரி 17, சனி

புது லேப்டாப் வந்துவிட்டது. மீட்பு நடக்கிறது. நத்தை தோற்றது. எங்கள் வீட்டு நெட் ஆறு சதவீதத்தில் நின்றுவிட்டதால், மரியதங்கம் வீட்டு வைஃபையைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பிடிக்கிறோம். லேப்டாப்பை அம்மிக்கல் மேல் வைத்தால்தான் சிக்னல். அதன் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்தேன். ஒன்பது சதவீதம். பூனையை விரட்டினேன். பதினொன்று.

அந்த மூன்று பஞ்சர் எந்த நாள் என்று யோசித்துப் பார்த்தேன். சாத்தான்குளம் கச்சேரிக்குப் போன நாள். ஒரே மத்தியானத்தில் மூன்று முறை டயர் போனது. மூன்றாவது தடவை பூபதி டயரை உருட்டிக்கொண்டு ஊருக்குள் போக, நாங்கள் இருவரும் பனைமர நிழலில் நுங்கு வாங்கித் தின்றோம். அவர் சட்டையெல்லாம் நுங்குத் தண்ணீர். நாலாவது பஞ்சர் எங்கே ஆகும் என்று பந்தயம் கட்டினோம். ஷைனியின் அப்பா இறந்த பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர் சட்டை நீலம், காலரில் ஒரு பட்டன் இல்லை. சாயங்காலம் லேப்டாப்பில் எதையோ போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் பத்தாயமாக இருந்திருக்கும்.

மற்றபடி அந்த நாளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் ஞாபகமில்லை.

ஜனவரி 19, திங்கள்

நூறு சதவீதம்!

அம்மிக்கல்லைக் கும்பிட்டுவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். அறுநூற்றுச் சொச்சம் ஃபைலும் வந்திருக்கின்றன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயரெல்லாம் தமிழில் வைத்திருந்தோம். வருகிற வழியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டது. ????? 1, ????? 2 என்று வரிசையாக நிற்கின்றன. அறுநூறு பிள்ளைகள் திருவிழாவில் பெயரை மறந்து அழுவது மாதிரி.

பத்தாயத்துப் பெண்ணிடம் கேட்டேன். வருந்தினாள். பாட்டெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்றாள். போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. கேள்விக்குறி 214-ஐத் தொட்டால் தண்ணீர் ஓடுவது மாதிரி அந்தப் பழைய புல்லாங்குழல். கண் நிறைந்துவிட்டது.

இன்னாசியிடம் சொன்னேன். "ஒவ்வொண்ணா போட்டுக் கேட்டு, பேரு வைக்க வேண்டியதுதான்" என்றார். பிறகு, "நான் வெள்ளிக்கிழம ஊருக்கு வாரேன். லீவு ஏற்கெனவே போட்டதுதான். தங்கச்சி வீட்டுல ஒரு சோலி" என்றார்.

"அப்ப வசதிதான். ரெண்டு பேர் இருந்தா வேகமா முடியும்" என்றேன்.

ஜனவரி 21, புதன்

வீட்டுக்கு ஒட்டடை அடித்தேன். ஒரு சேலை எடுத்தேன், கச்சேரிக்கு. தலைக்கு மை போட்டேன், அதுவும் கச்சேரிக்குத்தான். பிப்ரவரி ஒன்றுக்கு இப்போதே எதற்கு என்று ஷைனி போனில் கேட்கிறாள். படிக்கிற வேலையைப் பார் என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

வந்தார். கொஞ்சம் மெலிந்திருக்கிறார். மீசையில் நரை. கண்ணாடி போட்டிருக்கிறார், நல்லாத்தான் இருக்கிறது. பேரீச்சம்பழம், பூபதிக்கு ஒரு வாட்ச், எனக்குத் தொண்டைக்கு ஏதோ ஓமான் தேன்.

நான் வாசலில் நின்று "பஸ் லேட்டா?" என்றேன். அவர் "பரவால்ல" என்றார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லேப்டாப்பைப் பார்த்தோம்.

ஜனவரி 24, சனி

வேலை இப்படி: ஒரு ஃபைலைப் போடுவது, முதலில் கண்டுபிடித்தவர் பாட்டைச் சொல்வது, பெயரை அடிப்பது, அடுத்தது. முதல் ஒரு மணி நேரம் போட்டி. நான் வீணை, புல்லாங்குழலில் கெட்டி. அவர் ட்ரம்ஸ் ஒரு அடி விழுந்ததுமே சொல்லிவிடுகிறார். தோற்றவர் காப்பி போட வேண்டும். ஆறு காப்பி ஆகிவிட்டது, நாலு அவர் போட்டது. என் அடுப்படியில் சீனி டப்பா எங்கே என்று இன்னும் தெரிந்திருக்கிறது.

பத்தரைக்குப் பூபதி வந்தான். ஃபைலைத் தொட்டதும் சொல்லிவிடுகிறான், தொட்டதும் சொல்லிவிடுகிறான். பத்து நிமிஷத்தில் முப்பதை முடித்துவிட்டான். இது சரிப்படாது. அவனை உளுந்த வடை வாங்க அனுப்பினேன். வந்ததும் வேனுக்கு ஆயில் மாற்ற இன்னாசி அனுப்பினார்.

போகிறபோது அவன் சொன்னது: "நான் ஒரு பாட்டுக்கு அர நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் பாட்டுக்கு அர மணி நேரம். நடத்துங்க."

ஜனவரி 25, ஞாயிறு

பூசைக்குப் பிறகு வந்தார். சுறாப்புட்டு செய்தேன். மார்க்கெட்டில் சுறா மலிவாகக் கிடந்தது.

ஜனவரி 26, திங்கள்

அவர் போன பிறகு செய்த ட்ராக்குகள் இன்று வந்தன. கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"கீபோர்டு யாரு?"

"நாகர்கோயில்காரரு ஒருத்தர்."

"நல்லா வாசிச்சிருக்காரு." கொஞ்சம் கழித்து, "வயலினுக்குத்தான் சளி புடிச்ச மாதிரி இருக்கு."

"வயலின் நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்குன்னுதான சொன்னேன். மூக்கு மட்டும் அடச்சிருக்கு."

அடுத்த ட்ராக்கில், கீபோர்டில் வாசித்த அந்த நாகர்கோவில் வயலின் வந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடவே பாடினேன். அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தார். மரியதங்கம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன, கச்சேரியா?" என்றாள்.

ஜனவரி 28, புதன்

ஒரு வினோதம். தானே உட்கார்ந்து மூன்று நாள் வாசித்துப் பதிந்த ஒரு பாட்டை இன்னாசிக்கு இன்று அடையாளம் தெரியவில்லை. மூன்று தடவை போடச் சொன்னார். "எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு" என்கிறார். பாவம், பாலைவன வெயில், மறதி வந்துவிட்டது.

எனக்கும் இன்று சிலது பிடிபடவில்லை. தினமும் மேடையில் பாடுகிற பாட்டுத்தான். அசதியாக இருக்கலாம்.

உப்பளக்காரரின் பட்டியலில் இருக்கிற ஜோடிப் பாட்டெல்லாம் தேடி எடுத்தாயிற்று. ஆண் குரலுக்கு யாரைக் கூப்பிடப் போகிறாய் என்று இன்னாசி கேட்டார். இன்னும் யோசிக்கவில்லை என்றேன். நான் வேண்டுமானால் என்றார். உங்களுக்குச் சிரமம் என்றேன். சிரமம் இல்லை என்றார். சரி, வேறு வழியில்லாததால் ஒத்துக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

ஒத்திகை. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் என் குரலுக்கு அடியில் வந்து நின்றது. நான் என் வரியை விட்டுவிட்டேன். பூபதி கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் வாசிக்கும்போது கண்ணைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

தொண்டையில் தேன் ஒட்டிக்கொண்டது என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. கை நிற்கவில்லை.

ஆறுமுகநேரி மண்டபம் கொள்ளாத கூட்டம். மேடைக்கு எதிரே இரண்டு ராஜா நாற்காலியில் மாலையோடு சங்கரலிங்கமும் அவர் மனைவி பேச்சியம்மாளும். அவர் உப்பு மூட்டை மாதிரி கனமாக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா ஒல்லி. காதில் வைரம், முகத்தில் 'எப்ப முடியும்' என்கிற அலுப்பு.

முதல் ஐந்து பாட்டு வெண்ணெய். இன்னாசி வாய் திறந்ததும் பின்வரிசையில் பாயசம் பரிமாறுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். ஆறாவது, சங்கரலிங்கம் பட்டியலில் இரண்டு கோடு போட்டிருந்த பாட்டு. அவர்கள் கல்யாணம் ஆன வருஷம் ரேடியோவில் வந்த, படகில் பாடுகிற மெதுவான ஜோடிப் பாட்டு. அந்த அம்மாவுக்காகவே கேட்டது. நான் மைக்கில் ஒரு சின்ன முன்னுரை சொல்லி, விளக்கைக் குறைக்கச் சொல்லி, பூபதிக்குத் தலையை ஆட்டினேன். அவன் ஃபைலை அழுத்தினான்.

டண்டணக்கு டண்டணக்கு என்று நையாண்டி மேளம் கிளம்பியது.

பெயர் மாறிப்போச்சு! கரகாட்டத்துக்கு வைத்திருந்த மேளத்துக்குப் படகுப் பாட்டின் பெயரைப் போட்டிருக்கிறோம். புதன்கிழமை வேலையாகத்தான் இருக்க வேண்டும், ஒத்திகையிலும் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோமோ. பூபதி முகம் வெளுத்து நிறுத்தப் போனான். படகுப் பாட்டு எந்தப் பெயரில் கிடக்கிறதோ, அங்கே தேடவா முடியும்?

இன்னாசி அவனைப் பார்த்து 'நிறுத்தாதே' என்று கையைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் படகுப் பாட்டின் முதல் வரியை எடுத்து, மேளத்தின் வேகத்துக்கு நறுக்கி நறுக்கிப் பாடினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் இரண்டாம் வரி என்னுடையது. நானும் நறுக்கினேன். பூபதி பேடில் உறுமியைப் போட்டான். படகு அலையில் தூக்கித் தூக்கிப் போட்டது.

ஒரு நொடி மண்டபமே திகைத்தது. அப்புறம் பேச்சியம்மாள் எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். சேலையை இழுத்துச் சொருகினார். ஆடினார்! இடுப்பில் கைவைத்து, தலையை வெட்டி வெட்டி, பதினாறு வயசுப் பிள்ளை மாதிரி. சங்கரலிங்கம் வாயைப் பிளந்து பார்த்தார். "ஏட்டி, ஒனக்கு ஆடத் தெரியுமா?" என்று அவர் கேட்டது எங்கள் மைக்கிலேயே விழுந்தது. "நாப்பது வருசமா நீரு கேக்கவேயில்லையே!" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான், மனுஷனைப் பிடித்து இழுத்து ஆடவிட்டார்கள். பேரப்பிள்ளைகள், சம்பந்திகள், சமையல்காரர் எல்லோரும். மூன்று தடவை திரும்பப் பாடவேண்டி வந்தது.

முடிந்ததும் பேச்சியம்மாள் மேடையேறி வந்து என் கன்னத்தை வழித்தார். மூச்சு வாங்க மைக்கிலேயே கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டிதான?"

"இல்லம்மா" என்றேன் நான். "இல்லீங்க" என்றார் இன்னாசி. இரண்டும் ஒரே சுருதியில் வந்தது. பூபதி சும்மா இருந்திருக்கலாம். சிம்பலில் ஜங்கென்று ஒரு அடி வைத்தான். மண்டபம் சிரித்து அடங்க ரொம்ப நேரம் ஆனது.

மூன்று வீட்டுக்காரர்கள் அங்கேயே தேதி கேட்டுப் போனார்கள். கிட்டார்க்காரர் தனக்கு நாசரேத்து ஊர் பிடிக்கவே பிடிக்காது என்கிறார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்னும் நாற்பது ஃபைலுக்குப் பெயர் இல்லை. அவருக்கு வெள்ளிக்கிழமை விமானம்.

இன்னாசியின் தங்கை ரோசிலி கருவாடு கொண்டுவந்தாள். "அண்ணன் திடீர்னு வந்து நிக்கான். மேனேஜர் கால்ல விழாத குறையா லீவு வாங்கிருக்கான்னு கூட வேலை பாக்குற பையன் சொல்லுதான். எங்க வீட்டுல ஒரு சோலியும் இல்ல மைனி" என்றாள்.

மைனி, அதாவது அண்ணி, என்று அவள் இதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை. வாய் தவறியிருக்கும்.

பிப்ரவரி 4, புதன்

மூன்று ஃபைல்தான் முடிந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

ஒன்றும் முடியவில்லை. உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு பாட்டைப் போட்டார், முழுசும் ஓடியது. இன்னொன்றைப் போட்டார், அதுவும் ஓடியது. இரண்டு பேருக்கும் பெயர் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை.

போகும்போது, "மீதியை நீயே வச்சிரு" என்றார்.

பிப்ரவரி 6, வெள்ளி

இதை வேனில் உட்கார்ந்தே எழுதுகிறேன். பூபதி ஓட்டுகிறான். எழுத்து குதிக்கிறது. குதிக்கட்டும்.

வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அவரை நாங்கள்தான் கொண்டுவிட்டோம். வழியெல்லாம் பூபதி மட்டுமே பேசினான். வாசலில் இன்னாசி பெட்டியை இறக்கினார். "அப்ப வாரேன்" என்றார். "சரி" என்றேன். டிக்கெட்டைக் காட்டினார். காவலர் பார்த்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. அவர் உள்ளே ஒரு கால் வைத்தார்.

மைக் நின்றுபோனால் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பாட என்னால் முடியும். அந்தக் குரல் தானாக வந்தது.

"இன்னாசி! போவாதிய!"

வழியனுப்ப வந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்தியது. இன்னாசி பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

"இத மூணு வருசத்துக்கு முன்னால சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க கேட்டியளா?"

"மஸ்கட்டுல வேல வந்திருக்கு, மஸ்கட்டுல வேல வந்திருக்குன்னு ஒரு வாரமா ஒங்கிட்டயே வந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'நல்லது, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க'ன்னே சொன்ன."

"போயிட்டு வாங்கன்னுதான சொன்னேன்? வாங்கன்னு சொன்னேம்லா! நீங்க போனத மட்டும் காதுல வாங்கிக்கிட்டு, வாரத விட்டுட்டா நான் என்ன செய்ய?"

அவர் என்னையே பார்த்தார். காவலர், "சார், பெட்டி யாருது? உள்ளயா வெளியவா?" என்றார்.

"ஒரு நிமிசம் சார்" என்றார் இன்னாசி. பிறகு என்னிடம், "மார்ச்சு கடைசி வரைக்கும் கான்ட்ராக்ட் இருக்கு அமலி. பாதியில விட்டா நல்லா இருக்காது. முடிச்சதும் வந்திருதேன். சாமியார்ட்ட ஓல குடுத்து வைக்கவா?"

ஓலை என்றால் எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்.

நான் தலையை ஆட்டினேனா, அழுதேனா, சிரித்தேனா தெரியவில்லை. மூன்றும்தான் என்கிறான் பூபதி.

"அப்ப போயிட்டு வாரேன்" என்றார். வாரேன் என்பதை நன்றாக அழுத்திச் சொன்னார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

ஷைனிக்குப் போன் செய்தேன். "ஒருவழியா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் ஹாஸ்டல் பிள்ளைகள் பத்துப் பேர் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று மூன்றாம் ஓலை. "புன்னைக்காயல் இன்னாசிமுத்து, இவ்வூர் அமலோற்பவம்" என்று சாமியார் வாசித்தார். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். கடைசி பெஞ்சில், எங்களுக்காக வந்திருந்த பூபதி இருமினான். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"சளிங்க சாமி, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

மே ஏழாம் தேதி கல்யாணம். வரவேற்புக்குக் கச்சேரி வேண்டும். நாசரேத்துக் குழுவைப் பேசிவிடலாம், கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் மைக் பிடித்து நின்றால் வருகிறவர்களுக்கு யார் வணக்கம் சொல்வது என்கிறாள் ஷைனி. நியாயம்தான் என்றார் இன்னாசி. நியாயம்தான் என்றேன் நானும்.

மத்தியானம் பார்த்தால் மனுஷன் கொல்லையில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் மைக் உறைகளை ஊறப்போட்டேன்.